தானியக் களஞ்சியம் முதல் ஒருநாள் ஊதியம் வரை

2024ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாள் பெய்த மழையைக் கிருஷ்ணகிரி மாவட்டத்து மக்கள் எளிதில் மறவார். நவம்பர் 30ஆம் நாள் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், வலுவிழந்து மேற்கு நோக்கி நகர்ந்தது. கடலிலிருந்து நெடுந்தொலைவில் உள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டித் தீர்த்தது. ஏரிகள் நிரம்பி வழிந்தன. சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த வாகனங்களை வெள்ளம் புரட்டி இழுத்துச் சென்றது. போச்சம்பள்ளி வட்டாரத்திலும் குடியிருப்புகளுக்குள் நீர் புகுந்தது. தென்பெண்ணையில் பெருகிய வெள்ளம் சாத்தனூர் அணையைத் தாண்டி, நொடிக்கு 1.68 லட்சம் கன அடி என்னும் அளவில் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்குள் பாய்ந்தது. திருவண்ணாமலையில் ஏற்பட்ட மண்சரிவு ஏழு உயிர்களைக் கொண்டது.

தலைமுறை தலைமுறையாக வறட்சியையே இயற்கையின் சீற்றமாக அறிந்திருந்த நாடு இது. நாகரசம்பட்டியிலும் அதன் சுற்றுவட்டத்திலும் உள்ள முதியோர் மழை பொய்த்த ஆண்டுகளைக் கொண்டே காலத்தைக் கணக்கிடுவர். அத்தகைய மண்ணில் வெள்ளம் வந்தபோது, இன்னொரு மாற்றமும் நம் கண்முன் நின்றது. போச்சம்பள்ளி, ஓசூர்த் தொழிற்பேட்டைகளுக்கு நாள்தோறும் நிறுவனப் பேருந்தில் ஏறிச் செல்லும் இளைஞரும் இளம்பெண்களும் இந்தச் சிற்றூர்களின் பிள்ளைகளே. வெள்ளம் புகுந்த வீடும் அவர்களுடையது. நிவாரண நிதிக்கென ஊதியத்தில் பிடித்தம் செய்யப்படும்போது குறையும் தொகையும் அவர்களுடையது. பேரிடர்க் காலத்தில் தொழில் நிறுவனங்களும் அவற்றின் ஊழியரும் செய்யும் உதவி இன்று பலராலும் பேசப்படுகிறது. அதன் வேர்களை நாடிச் சென்றால், அது புதிய வழக்கமன்று என்பதும், அதில் நாம் கற்க வேண்டிய பாடங்கள் பழையவை என்பதும் விளங்கும்.

வணிகரின் அறம்

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என நான்கு தானங்களைச் சமண சமயம் இல்லறத்தார்க்கு வகுத்தது. உணவும் மருந்தும் கல்வியும் அடைக்கலமும் என்னும் இந்நான்கையும் இன்றைய பேரிடர் மேலாண்மைத் திட்டம் எதனோடு ஒப்பிட்டுப் பார்த்தாலும், வரிசை மாறினும் பொருள் மாறாது. தமிழகத்துச் சமணத் தலங்களில் ‘அஞ்சினான் புகலிடம்’ என்னும் பெயர் கல்லில் பொறிக்கப்பட்டிருப்பது, நான்காம் தானத்திற்கு நம் முன்னோர் அளித்த இடத்தைக் காட்டும்.

இந்த அறத்தைத் தாங்கியோருள் வணிகர் முதன்மையானவர். நமது அண்டை நகரான தருமபுரி அந்நாளில் தகடூர் எனப்பட்டது. அங்குக் கிடைத்த நுளம்ப மன்னன் மகேந்திரனின் கி.பி. 893ஆம் ஆண்டுக் கல்வெட்டு, நிதியண்ணன், சண்டியண்ணன் என்னும் வணிகர் மக்கள் இருவர் அங்கு ஒரு பசதி எழுப்பியதைக் கூறுகிறது. பசதியைப் பழுதுபார்க்கவும் வழிபாடு நடத்தவும் ஓர் ஊர் தானமாக அளிக்கப்பட்டது. கொடுத்தவர் யார், கொடுத்தது எது, எதற்காக என்னும் மூன்றையும் அக்கல்வெட்டு ஐயத்திற்கு இடமின்றிச் சொல்கிறது. ஈகைக்குக் கணக்கு வேண்டும் என்னும் எண்ணம் இந்த மண்ணில் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது.

பஞ்சக் காலத்து வணிகருள் கட்ச் நாட்டுப் பத்ரேசுவரத்தைச் சேர்ந்த ஜகடூசா தனிச்சிறப்புடையவர். 13ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் குசராத்தில் மூன்றாண்டுகள் நீடித்த பஞ்சத்தில், தாம் முன்கூட்டியே சேமித்து வைத்திருந்த தானியத்தை அவர் மக்களுக்கு வழங்கினார். அவர் வரலாற்றைச் சர்வானந்தர் என்னும் சமணத் துறவி ‘ஜகடூ சரிதம்’ என்னும் வடமொழி நூலாக இயற்றினார். வாகேல மன்னன் வீசலதேவன் தானியம் கேட்டபோது, களஞ்சியத்தில் இருப்பது தமதன்று என்று ஜகடூசா கூறியதாகவும், ‘இது ஏழைகளுக்கென வைக்கப்பட்டது’ என்னும் கருத்தமைந்த பட்டயத்தை அங்கிருந்து எடுத்துக் காட்டியதாகவும் அந்நூல் சொல்லும். காவியத்திற்கு உரிய மிகை அதில் இருக்கலாம். ஆயினும் அதன் உட்பொருள் தெளிவானது: இடர் வந்தபின் திரட்டுவதினும், வருமுன் ஒதுக்கி வைப்பதே மேலான ஈகை, ஒருமுறை ஒதுக்கியதை மன்னனே கேட்பினும் வேறு பயனுக்குத் திருப்புதல் ஆகாது.

தாது வருடப் பஞ்சம்

நம் வட்டாரம் அனுபவித்த பேரிடர்களுள் கொடியது 1876 முதல் 1878 வரை நிலவிய தாது வருடப் பஞ்சம். அப்போது கிருஷ்ணகிரியும் ஓசூரும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19½ லட்சமாக இருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை, 1881இல் ஏறத்தாழ 16 லட்சமாகக் குறைந்தது. பஞ்சத்தின் கொடுமையை உரைக்க இவ்விரு எண்களே போதும்.

பஞ்சம் தொடங்கியபோது, சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் அரசு, ஆர்பத்நாட் கம்பெனி என்னும் புகழ்பெற்ற வணிக நிறுவனத்தின் வழியாக 30,000 டன் தானியத்தை மறைவாகக் கொள்முதல் செய்தது. அரசு சந்தையில் தலையிடலாகாது என்னும் கொள்கையுடைய இந்திய அரசு அதனைக் கண்டித்தது. பின்னர் வந்த ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியில் மண் சுமந்தோர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிதளவு காசும் போதும் என்னும் அளவில் கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. சென்னையின் சுகாதார ஆணையர் மருத்துவர் கார்னிஷ், அந்த உணவில் உழைக்கும் மனிதன் உயிர் தரியான் என்று எதிர்த்து எழுதினார். நெடிய வாதத்திற்குப் பின்னரே கூலி உயர்த்தப்பட்டது.

1877 ஆகஸ்டில் சென்னையில் கூடிய பொதுக்கூட்டம் பிரித்தானிய மக்களின் உதவியை வேண்டியது. இலண்டன் மேயர் தொடங்கிய நிதியில் 5 லட்சம் பவுனுக்கு மேல் சேர்ந்தது. நம் பருத்தியை நூற்ற லங்காஷயர் ஆலை நகரங்களிலும் நிதி திரட்டப்பட்டது. அந்த நிதியைப் பங்கிட்ட குழுவின் செயலராக விளங்கிய வில்லியம் டிக்பி, இப்பஞ்சத்தின் வரலாற்றை 1878இல் இரு தொகுதிகளாக வெளியிட்டார். கஞ்சி ஊற்றுவதோடு நில்லாமல், பஞ்சம் தணிந்தபின் உழவர் விதை வாங்கவும், உழவு மாடு பெறவும், கூரை வேயவும் இந்நிதி உதவியது. நிவாரணம் வேறு, மறுவாழ்வு வேறு என்னும் வேறுபாட்டை நம் நாட்டில் செயலளவில் காட்டிய முன்னோடி முயற்சிகளுள் இதுவும் ஒன்று.

பஞ்சத்தின் மற்றொரு விளைவை நம் பகுதியினர் பலர் மறந்துவிட்டனர். தானியம் சென்று சேர வழியின்மையே பல ஊர்களில் சாவுக்குக் காரணமாயிற்று என்பதால், பஞ்சக் காப்பு இருப்புப்பாதைகள் அமைக்கப்பட்டன. அவ்வகையில் 1905இல் திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி குறும்பாதையும், 1906இல் மொரப்பூர்–தருமபுரி குறும்பாதையும் திறக்கப்பட்டன. பின்னது 1913இல் ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1941இல், இப்பாதைகள் மூடப்பட்டன. ஒரு பேரிடரின் நினைவாகப் போடப்பட்ட தண்டவாளம், அந்நினைவு மங்கியதும் பெயர்க்கப்பட்டது. கிருஷ்ணகிரி நகரம் இன்றளவும் தொடர்வண்டிக்குக் காத்திருக்கிறது.

பஞ்சக் காலத்தில் அரசின் நம்பிக்கைக்கு உரியதாக இருந்த ஆர்பத்நாட் நிறுவனம் 1906இல் நொடித்து வீழ்ந்தது. அதில் சேமிப்பைப் போட்டிருந்த ஆயிரக்கணக்கானோர் பொருளிழந்தனர். அந்த அதிர்ச்சியிலிருந்தே 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. நிறுவனத்தின் பெருமையும் அதன் கணக்கின் நேர்மையும் ஒன்றல்ல என்பதை அன்றைய சென்னை கற்றது.

கணக்கறிந்த தமிழர்

நேர்மையான கணக்கு எத்தகையது என்பதை 1934ஆம் ஆண்டு பீகாரில் காட்டியவர் ஒரு தமிழர். அவ்வாண்டு ஜனவரி 15ஆம் நாள் பீகாரையும் நேபாளத்தையும் உலுக்கிய நிலநடுக்கத்தில் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். இராசேந்திர பிரசாத் தலைமையில் பீகார் மத்திய நிவாரணக் குழு அமைந்தது. நாடெங்கிலுமிருந்து வணிகரும் தொழிலதிபரும் எளியோரும் அனுப்பிய பணம் குவிந்தது. அதன் வரவு செலவை மேற்பார்க்க அழைக்கப்பட்டவர், தஞ்சையில் பிறந்து இலண்டனில் கணக்கியல் பயின்ற ஜே.சி. குமரப்பா.

நிவாரண நிதி துயருற்றோர்க்கு உரியது என்பதில் அவர் தளரவில்லை. காந்தியடிகளுடன் வந்த குழுவினரின் செலவைக்கூட அந்நிதியிலிருந்து தர அவர் மறுத்தார் என்பது அவர் வாழ்க்கையைப் பற்றி எழுதியோர் தவறாமல் குறிப்பிடும் செய்தி. காந்தியடிகள் அதனைக் குறையாகக் கொள்ளவில்லை. களஞ்சியம் தமதன்று என்று மன்னனிடம் சொன்ன வணிகரும், நிதி உமதன்று என்று தலைவரிடம் சொன்ன கணக்கரும் ஏழு நூற்றாண்டு இடைவெளியில் ஒரே அறத்தைப் பேசினர்.

சட்டம் வகுத்த ஈகை

விடுதலைக்குப் பின் அரசும் தொழில்துறையும் ஒரே நிதியில் கைகோத்தன. பாகிஸ்தானிலிருந்து இடம்பெயர்ந்தோர்க்கு உதவுவதற்காக 1948 ஜனவரியில் நேரு தொடங்கிய பிரதமர் தேசிய நிவாரண நிதியின் முதல் மேலாண்மைக் குழுவில், டாடா அறக்கட்டளையினரின் சார்பாளர் ஒருவருக்கும் தொழில் வணிகத் துறையின் சார்பாளர் ஒருவருக்கும் இடமளிக்கப்பட்டது. பின்னர் அந்நிதி புயல், வெள்ளம், நிலநடுக்கம் ஆகியவற்றுக்கும் பயன்பட்டது.

அதுவரை விருப்பமாக இருந்ததை 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு கடமையாக்கியது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர இலாபமோ உடைய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். இது 2014 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. பேரிடர் மேலாண்மை அப்பணிகளின் பட்டியலில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது 2019 மே திங்களில்தான்.

இச்சட்டத்தில் நம் போன்றோர் அறிய வேண்டிய நுட்பங்கள் உண்டு. நிறுவனம் தன் ஊழியர்களுக்கு மட்டுமே பயன்படும் செலவை இந்தக் கணக்கில் காட்ட இயலாது. கொரோனாக் காலத்தில், 2020 ஏப்ரலில், மத்திய அரசு அளித்த விளக்கத்தின்படி, முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுப்பது இந்த 2 விழுக்காட்டில் சேராது. மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்திற்குக் கொடுப்பது சேரும். எனவே ஒரு நிறுவனம் முதலமைச்சர் நிதிக்கு வழங்கும் தொகை, சட்டம் கேட்டதற்கு மேற்பட்ட ஈகையாகும். மறுபுறம், தன் ஆலையில் உழைக்கும் பெண்ணின் கூரை சரிந்தால், அதனைச் சீரமைக்க நிறுவனம் தன் சொந்த நிதியிலிருந்தே தர வேண்டும். சட்டம் கட்டாயப்படுத்தாத அந்த இடத்தில்தான் நிறுவனத்தின் உண்மையான மனம் வெளிப்படும்.

இலாத்தூர், கட்ச், நாகப்பட்டினம்

அண்மைக்கால வரலாற்றில் நம் சமூகம் ஆற்றிய பணியும் நினைக்கத் தக்கது. 1993 செப்டம்பர் 30ஆம் நாள் மராட்டியத்தின் இலாத்தூர் பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, புனேயில் சாந்திலால் முத்தா நிறுவிய பாரதீய ஜைன சங்கடனா, ஏறத்தாழ 1,200 குழந்தைகளைப் புனேக்கு அழைத்துச் சென்று கல்வி அளிக்கும் பொறுப்பை ஏற்றது. உணவுப் பொட்டலம் ஒரு நாளைக்கு. கல்வி ஒரு தலைமுறைக்கு. 2001 ஜனவரி 26ஆம் நாள் கட்ச் நிலநடுக்கத்திற்குப் பின் அதே அமைப்பு குசராத்தில் 368 தற்காலிகப் பள்ளிகளைச் சில மாதங்களுக்குள் எழுப்பியது. ஜகடூசா தானியம் வழங்கிய அதே கட்ச் மண்ணில், சாத்திர தானம் பள்ளிக்கூடமாக வடிவெடுத்தது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உலகமே கொடுத்தது. ஆனால் கொடுத்தவற்றுள் பழந்துணி மூட்டைகள் சாலையோரங்களில் குவிந்து மழையில் நனைந்து கிடந்த காட்சியை அன்று அங்குச் சென்றோர் மறந்திருக்கமாட்டார்கள். மீனவப் பெண்கள் பிறர் உடுத்திக் களைந்த துணியைத் தொட மறுத்தனர். தார்த் தகடுகளால் அமைந்த தற்காலிகக் குடில்கள் கோடை வெயிலில் வெந்தன. கொடுப்பவரின் வசதியை அளவாகக் கொண்ட ஈகை, பெறுபவருக்குச் சுமையாகும் என்பதை அக்காட்சிகள் கற்பித்தன. 2005 ஜனவரியில் தமிழக அரசு, நிலத்தைத் தான் அளித்து, நிலையான வீடுகளைக் கட்டித்தரத் தொழில் நிறுவனங்களையும் தொண்டு நிறுவனங்களையும் அழைத்தது. தரமும் அளவும் முன்னரே வரையறுக்கப்பட்ட அத்திட்டத்தின் வழியே பல்லாயிரம் குடும்பங்கள் உறுதியான வீடு பெற்றன.

ஊழியரின் பங்கு

நிறுவனத்தின் பெயரால் அறிவிக்கப்படும் உதவியில் ஊழியரின் கை இருவகையில் கலக்கிறது. ஒன்று ஊதியம், மற்றொன்று உழைப்பு.

ஒருநாள் ஊதியம் வழங்குவது நம் நாட்டில் வேரூன்றிய வழக்கம். பெருஞ்செல்வர் தரும் கோடி அவர் வாழ்வை அசைக்காது. ஒப்பந்தத் தொழிலாளியின் ஒருநாள் ஊதியம் அவர் வீட்டு அடுப்பைத் தொடும். எனவே அது மனமுவந்து தரப்பட வேண்டும். 2018இல் கேரள வெள்ளத்திற்குப் பின் அம்மாநில அரசு தன் ஊழியரிடம் ஒருமாத ஊதியத்தை வேண்டியது. கொடுக்க விரும்பாதோர் அதனை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் விதித்தது. அவ்விதியைக் கேரள உயர்நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அவ்வாண்டு அக்டோபரில் உச்சநீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. வெள்ளத்தின் துயரையோ நிதியின் தேவையையோ நீதிமன்றம் ஐயுறவில்லை. ‘இல்லை’ என்று எழுதித்தர வேண்டிய நாணத்திற்கு அஞ்சிக் கொடுப்பது கொடையாகாது என்பதே அங்கு எழுந்த கேள்வி.

உழைப்பின் பங்கு பெரும்பாலும் செய்தியாவதில்லை. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பிற மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலமான கேரளத்திலிருந்தும் சென்ற மின்வாரியத் தொழிலாளர், சேற்று வயல்களில் இடுப்பளவு நீரில் நின்று கம்பங்களை நட்டனர். ஜப்பானில் 1995 ஜனவரி 17ஆம் நாள் கோபே நகரைத் தாக்கிய நிலநடுக்கத்தின்போது பத்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் தொண்டாற்ற விரைந்தனர். அதன்பின் ஊழியருக்குத் தொண்டு விடுப்பு அளிக்கும் முறை அந்நாட்டு நிறுவனங்களில் பரவியது. பணத்தைக் கேட்பதோடு நில்லாது, ஊதியக் குறைவின்றி நாளைக் கொடுப்பதும் நிறுவனத்தின் ஈகையே.

நிறுவனமும் ஊழியரும் தாமே இடருக்கு ஆளாகும் நேரமும் உண்டு. 2015 டிசம்பர் 2ஆம் நாள் சென்னையில் ‘தி இந்து’ நாளிதழ் வெளிவரவில்லை. வெள்ளத்தால் பணியாளர் மறைமலைநகர் அச்சகத்தை அடைய இயலாததே காரணம். 1878இல் தொடங்கிய இதழுக்கு இது முன்னெப்போதும் நேராத தடை. தொழிலாளியின் வீடு மூழ்கினால் தொழிற்சாலையும் நிற்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நம் வட்டாரத்தின் கடமை

1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை உருவானது. அடுத்த பத்தாண்டுகளில் அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் ஆலைகள் அங்கு வேர்விட்டன. அண்மையில் போச்சம்பள்ளியில் மின்வாகனத் தொழில் எழுந்துள்ளது. தாது வருடத்தில் சோற்றுக்காக ஊரைவிட்டு வெளியேறிய மண்ணுக்கு, இன்று பல மாநிலத்தார் பிழைப்புத் தேடி வருகின்றனர். அவர்களுக்கு இங்கு உறவில்லை. குடும்ப அட்டையும் பெரும்பாலும் சொந்த ஊரில். வெள்ளம் வந்தால் நிவாரணப் பட்டியலில் முதலில் விடுபடும் பெயர்கள் அவர்களுடையவையே. அஞ்சினான் புகலிடம் என்னும் சொல் இன்று அவர்களுக்கே மிகவும் பொருந்தும்.

வரலாறு காட்டும் வழி கடினமானதன்று. மழைக்காலத்திற்கு முன்பே ஒரு பங்கு தானியமும் மருந்தும் ஒதுக்கி வைத்தல் வேண்டும். எந்த ஊரில் யார் வாடகை வீட்டில் தங்கியுள்ளார், முதியோரும் நோயாளரும் எங்குள்ளார் என்னும் குறிப்பை ஆலைகளில் பணிபுரியும் உள்ளூர் இளைஞரைக் கொண்டே தொகுக்கலாம். நிறுவனங்களிடம் நன்கொடை கேட்கும்போது பெறுபவர் தேவையை எழுதிக் காட்ட வேண்டும். பெற்ற ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கை ஊரறிய ஒட்டி வைக்க வேண்டும். பள்ளிப் புத்தகம் நனைந்த குழந்தைக்கு வெள்ளம் வடிந்த மறுவாரமே புத்தகம் கிடைக்க வேண்டும்.

தகடூர் வணிகர் எழுப்பிய பசதியின் கணக்கு கல்லில் இருப்பதால் இன்றும் படிக்க முடிகிறது. பஞ்சத்திற்காகப் போடப்பட்ட இருப்புப்பாதையோ மண்ணில் தடமின்றி மறைந்தது. இடர் நீங்கியபின் நினைவையும் நீக்கிவிடும் பழக்கமே நம் பெரிய குறை. 2024 டிசம்பர் மழையை மறவாமல், அடுத்த மழைக்கு முன் களஞ்சியத்தை நிரப்பி, ‘இது துயருற்றோர்க்கு உரியது’ என்று அதன் மேல் எழுதி வைப்போமாயின், அதுவே இவ்விழாவுக்கு நாம் செய்யும் சிறப்பாகும்.